மாதிரிப் பிரதி

டவுன்ஸ்வில்லில் பெப்ரவரி என்றால்
தாளுக்கு மூச்சு வாங்கும்.
ஈரம் குடித்து ஓரம் சுருளும்.
ஈரமுறிஞ்சி இரவெல்லாம் உறுமிச் சேர்த்த
நாலு லீட்டர் வானத்தைக்
காலையில் தொட்டியில் கொட்டிவிட்டுத்தான்
அச்சு இயந்திரத்தைத் தொடுவேன்.

அன்றைக்கு முந்நூற்றைம்பது பிரதிகள்.
பருத்தித் தாள். ஒன்று நானூறு டாலர்.
ஹெலிகாப்டர் இறங்குகிறது,
புழுதி பொன்னாக எழுகிறது,
ஒருவன் இன்னொருவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறான்.
வரைந்தவர் ரோஸ்லின் ஹார்ட்விக்.
நாளிதழில் வந்த கறுப்புவெள்ளைப் படத்தைப் பார்த்து வரைந்தார்.
அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை.
விற்கிற பணம் முழுவதும் காயம்பட்டவர்களுக்கு:
சாய்தளம், அகலக் கதவு,
குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி.

தோளில் கிடப்பவன்
கையெழுத்துப் போட நேரிலேயே வந்தான்.
டேரன் குவிக்.
இடது கையால் எழுதப் பழகி ஆறு வருடம் என்றான்,
நான் கேட்காமலே.
ஒரு கையெழுத்துக்குப் பதினொரு நொடி.
எண்ணவில்லை என்று சொன்னால் பொய்.

நாற்பதாவதில் பேனா நின்றது.
"இந்த நிறம் யார் போட்டது?"
ரோஸ்லின் என்றேன்.
"அழகாய்த்தான் இருக்கு" என்றான்.
கொஞ்சம் கழித்து,
"பொன் எல்லாம் இல்லை. மா மாதிரி.
பழைய மா.
வாய்க்குள் போனால் சில்லறைக் காசின் ருசி."

நான் எதுவும் சொல்லாமல் திரைக்குப் போனேன்.
மஞ்சளைப் பன்னிரண்டு இறக்கினேன்.
மெஜந்தாவில் நாலு.
கறுப்பைச் சொட்டுச் சொட்டாய் ஏற்றினேன்.
எங்கே நிறுத்துவதென்று அவன் சொல்லவில்லை.
கை தானாக நின்றது.

அந்தப் புழுதிக்குள் நானும் ஒருமுறை கிடந்திருக்கிறேன்,
வேறு கரையில், சீருடை இல்லாமல்.
அன்று தலைக்கு மேல் சுற்றியது
யாரையும் ஏற்றிப்போக வந்ததல்ல.
இதை டேரனிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
அவன் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பதினாலு நிமிடம்.
முதலில் வானம் வந்தது, பிறகு இறக்கை,
பிறகு விரல் விரலாகப் புழுதி.
அவன் இயந்திரத்தின் வாயருகே
கோப்பி ஆறுவது தெரியாமல் நின்றான்.
தன் முகம் வெளியே வந்தபோது
பக்கத்துச் சுவரைப் பார்த்தான்.

"இதுதான்" என்றான்.
"இதை யாரும் வரவேற்பறையில் மாட்டமாட்டார்கள்."
பிறகு,
"கோரி இருப்பது கால்களில் நிற்கிற பழைய மரவீடு.
பதினாலு படி.
மனைவிதான் தூக்கி இறக்குகிறாள்.
பொன்னையே போடு."

சோதனைப் பிரதிகளைக் கிழிக்க வேண்டும்,
ஒப்பந்தத்தில் இருக்கிறது.
பருத்தித் தாள் ஒரு கையால் கிழியாது.
அவன் ஒரு முனையைப் பிடித்தான்,
நான் மறுமுனையை.
சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை,
துணி கிழிகிற சத்தம்தான்.
நார் நாராய் வெள்ளை தெரிந்தது.
என் பக்கத்தில் வந்தது பெரும்பாலும் வானம்.

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு
நாற்பத்தொன்று என்றான்.

எல்லாம் விற்றுத் தீர்ந்தது.
ஏப்ரலில் பெர்த்திலிருந்து ஒரு பெண்மணி அழைத்தார்.
தன் பிரதியில் மட்டும் கையெழுத்து
கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதாம்.
எத்தனையாம் எண் என்று கேட்டேன்,
தெரிந்துகொண்டே.
மாற்றித் தரவா என்றேன்.
"வேண்டாம், சும்மா கேட்டேன்" என்றார்.
"அங்கே இன்னும் மழையா?"
விட்டுவிட்டது என்றேன்.
வாளியை எட்டிப் பார்த்தேன்,
பாதி நிறைந்திருந்தது.